கிணற்று மிஸ்ஸுக்குப் பங்கு சேர்த்த கதை

தொண்டு நிறுவனத்தில் இப்போது வேலை செய்யும் பிள்ளைகளே, போன கிழமை உங்களில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, ஒரு நிதி விண்ணப்பத்தை என் மேசையில் வைத்துப் பார்த்துத் தரச் சொன்னீர்கள். நாற்பது பக்கம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். நோக்கம், குறிக்கோள், விளைவு எல்லாம் வரிசையாக இருந்தன. காசு தருகிறவர் தந்த பிறகு உங்களிடம் எதை எதிர்பார்ப்பார் என்பதை மட்டும் ஓரிடத்திலும் காணவில்லை. அன்று நான் அதைச் சொல்லவில்லை. தேத்தண்ணீர் தந்து அனுப்பிவிட்டேன். நான் அந்தப் பாடத்தைக் கற்ற விதத்தைச் சொல்லாமல் சும்மா புத்தி சொன்னால், உங்களுக்குக் கொட்டாவிதான் வரும். ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். இதில் வருகிற மடையன் நான்தான். நிம்மதியாக வாசிக்கலாம்.

எழுபதுகளின் நடுப்பகுதி. குடிநீருக்கென்று ஐரோப்பாவில் தலைமையகம் வைத்திருந்த ஒரு சர்வதேச நிறுவனத்தின் யாழ்ப்பாணக் கிளையில் நான் நிர்வாகச் செயலாளர். பெயர்தான் சர்வதேசம். வாடகை வீட்டில் மூன்று அறை, ஐந்து பேர், மழைக்கு ஒழுகும் கூரை. எங்களில் மூத்த பதவி நீராய்வுப் பொறுப்பதிகாரி. அந்தப் பதவியில் இருந்தவர் முப்பத்தைந்து வயதுப் பெண். வெளிநாட்டில் படித்து, அங்கேயே வேலையும் கிடைத்திருந்தும், அதை விட்டுவிட்டு வந்தவர். தன்னைப் பற்றி எழுதினால் பெயர் போடவேண்டாம் என்று பின்னாளில் கேட்டுக்கொண்டார். ஊர்ச்சனம் அவரைப் பதவிப் பெயரால் அழைத்ததில்லை. 'கிணத்து மிஸ்' என்றார்கள். நானும் மிஸ் என்றே அழைத்தேன்.

அவருடைய வேலை கேட்பதற்குச் சின்னது. குடாநாட்டுக் கிணறுகளின் நீர்மட்டத்தை அளப்பார், போத்தலில் தண்ணீர் எடுப்பார், உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். ஆறு இல்லாத ஊர் நமது. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நிற்பதை வைத்துத்தான் வருடம் முழுவதும் குடியும் பயிரும். அதை அளவுக்கு மேல் இறைத்தால் கீழிருந்து கடல் ஏறும். எந்தக் கிணற்றில் எப்போது ஏறுகிறது என்பதை ஊர் ஊராகப் போய்ப் பார்த்தவர், நான் அறிய, அவர் ஒருவர்தான்.

அந்த நேரம் தலைமையகத்தில் இருந்து ஒரு கடிதம் வந்தது. உலகமெங்கும் எண்ணெய் விலை ஏறியிருந்தது. அவர்களுக்குக் காசு தந்தவர்களின் கையும் சுருங்கியிருந்தது. மிக வருத்தத்துடன் அறிவிப்பதாவது என்று தொடங்கிய கடிதத்தின் சாரம் இதுதான்: மூத்த பதவிகளுக்கு இனிமேல் இங்கிருந்து சம்பளம் வராது. அடுத்த வருடச் சம்பளத்தை உங்கள் பகுதியிலேயே திரட்டினால் பதவி இருக்கலாம். இல்லாவிட்டால் மார்கழியோடு மூடிவிடுங்கள்.

மிஸ் கடிதத்தை வாசித்து மடித்து என்னிடம் தந்தார்.

"எனக்கொண்டுமில்லை, கொழும்பிலை ஏதாவது பாப்பன். உந்தக் கிணறுகளை ஆர் பாக்கிறது?" என்றார்.

"நான் திரட்டிறன் மிஸ்" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தேன். அது என் பழக்கம்.

தோட்டக்காரர் கையில் அப்போது காசு புழங்கியது. வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வருவது நின்று, நமது தோட்டங்களில் விளைந்ததெல்லாம் பொன் விலைக்குப் போன காலம். கிணற்றுத் துலா இருந்த இடத்தில் எல்லாம் தண்ணீர் இறைக்கும் மண்ணெண்ணெய் மெசின் இரைந்தது. நான் வலிகாமப் பகுதியில் விவசாயச் சங்கம் சங்கமாக ஏறி இறங்கினேன். உரும்பிராயில் தம்பித்துரை அண்ணை என்று ஒருவர். பெரிய தோட்டக்காரர், இரண்டு மெசின் சொந்தக்காரர், சங்கத்தில் அவர் வாய் திறந்தால் மற்றவர்கள் மூடுவார்கள்.

"கோயிலுக்குக் குடுக்கிறம். பள்ளிக்கூடத்துக்கும் குடுத்தனாங்கள். சம்பளக்காரருக்கு நாங்கள் ஏன் குடுக்க வேணும்? அது வெள்ளைக்காரன்ரை பாடு" என்றார் அவர். அதோடு அந்தக் கூட்டம் முடிந்தது. மூன்று ஊரில் இதே பதில்தான்.

நான் இந்த நிறுவனத்துக்கு வருமுன் பன்னிரண்டு வருடம் ஒரு நொத்தாரிசிடம் கிளாக்கராக இருந்தவன். காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், எழுதிப் பழகிய கை. நமது உறுதிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: காணியின் நான்கு எல்லையும் எழுதி முடிந்ததும், கிணற்றில் இத்தனை பங்கு, வழி வாய்க்காலில் இத்தனை பங்கு என்று ஒரு வரி வரும். ஒரு கிணற்றுக்கு ஐந்தாறு பங்காளர்கள். பங்குக்கு ஏற்ற முறை. இன்று ஒருவர் இறைத்தால் நாளை மற்றவர். முறை தவறினால் அண்ணன் தம்பி என்றும் பார்க்கமாட்டார்கள், கத்தி எடுத்துவிடுவார்கள். ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது இந்த வரி என் தலையில் ஏறியது. அப்படியே திரும்பி உரும்பிராய்க்குப் போனேன்.

"அண்ணை, இது தருமம் இல்லை. கிணத்துப் பங்கு மாதிரி. மிஸ்ஸின்ரை பதவியிலை ஆளுக்கொரு பங்கு எடுங்கோ."

தம்பித்துரை அண்ணை சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "எழுதித் தருவியளோ கிளாக்கர்?"

"உறுதி மாதிரி எழுதித் தாறன்."

எழுதினேன் ஐயா, எழுதினேன்! தடித்த தாளில், அழகான கையெழுத்தில், 'மேற்படி பதவியில் ஒரு பங்கு இன்னாருக்கு உரித்தாவதாக' என்று ஒவ்வொருவருக்கும் எழுதி, நிறுவனத்தின் முத்திரையும் குத்திக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் வருடச் சம்பளம் முழுதும் சேர்ந்துவிட்டது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு ஒரு தாளை மிஸ்ஸிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"பங்கு எண்டு எழுதினால் முறை கேப்பினம் அல்லோ?"

"சும்மா ஒரு பேச்சுக்கு எழுதினது மிஸ். அவைக்குத் தெரியும்" என்று சிரித்தேன்.

அவைக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

தை பிறந்து இரண்டாவது கிழமை, சங்கத்தில் இருந்து ஒரு தாள் வந்தது. முறைப் பட்டியல். திங்கள் இன்னாருடைய கிணறு, செவ்வாய் இன்னாருடையது என்று பங்குதாரர் எல்லோருக்கும் நாள் பிரித்திருந்தார்கள். ஒரு பங்கைச் சேர்ந்து எடுத்த அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு ஆளுக்கு அரை நாள். ஒருவர் அலுவலகத்துக்கே வந்து, தன் பங்கை மகளின் சீதனத்தில் எழுதலாமோ என்று விசாரித்தார். நான் சிரித்துச் சமாளித்து அனுப்பினேன். இன்னொருவருடைய கிணற்றில் ஒரு குறையும் இல்லை. போன மாதம்தான் மிஸ் பார்த்து நல்ல தண்ணீர் என்று சொல்லியிருந்தார். ஆனாலும் தன் முறையன்று மிஸ் வந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மிஸ் போய், கிணற்றை எட்டிப் பார்த்து, பனங்கட்டியோடு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"என்ன மிஸ் செய்தனீங்கள்?"

"அவரின்ரை முறையை இறைச்சுக் குடுத்தன்" என்றார். அதற்கு மேல் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். இப்போதும் சொல்கிறேன், மேலே இருப்பவர் கீழே இருப்பவனின் பிழையைத் தானே சுமந்து திரிந்தால், அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

பங்குனி மாதம் ஒரு காலை, பருத்தித்துறைப் பக்கத்துக் கடற்கரை ஊரொன்றில் இருந்து ஒரு பெண் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கடற்தொழில் குடும்பம். கையில் ஒரு போத்தல் தண்ணீர்.

"எங்கடை குடிதண்ணிக் கிணறு உப்புச் சவராய்ப் போச்சு மிஸ். பால் விட்டால் திரையுது. பிள்ளையள் குடிக்குதுகள் இல்லை. பக்கத்து ஊருக்கு ஒரு கட்டை தூரம் நடந்து போறம். அங்கையும் அவைக்கே காணாது. குடத்தோடை எங்களைக் கண்டால் முகம் சுளிக்கினம்."

மிஸ் கேள்விமேல் கேள்வி கேட்டார். எத்தனை வீடு, கிணற்றுக்குப் பின்பக்கம் தோட்டம் உண்டா, எத்தனை மெசின் வைத்திருக்கிறார்கள், எப்போதிருந்து. பிறகு என்னிடம் திரும்பினார்.

"நான் அங்கை போய் மூண்டு கிழமை நிக்கவேணும். ஒவ்வொரு நாளும் அளந்தால்தான் ஆரின்ரை மெசினாலை வருது எண்டு காட்டலாம். மழைக்கு இன்னும் எத்தினை மாசம் கிடக்கு. இப்ப விட்டால் அந்தக் கிணறு போச்சு."

"முறை?" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

மூன்று கிழமை என்றால், ஞாயிறு போக, பதினெட்டு நாள் முறை. அந்தக் கடற்கரை ஊரில் ஒருவருக்கும் பங்கு இல்லை. தம்பித்துரை அண்ணைக்குச் சொல்லியனுப்பினேன். பதில் அன்றைக்கே வந்தது: பங்கில்லாதவைக்கு எங்கடை தண்ணியைத் திருப்பிறதெண்டால், எங்கடை காசைத் திருப்பித் தாருங்கோ.

காசைத் திருப்பினால் பதவி இல்லை. போகாவிட்டால் அந்த ஊருக்குத் தண்ணீர் இல்லை. தலைமையகத்துக்குத் தந்தி அடிக்கலாமா என்று யோசித்தேன். அடித்திருந்தால் இரண்டு கிழமை கழித்து, உள்ளூர் நிலைமைக்கு ஏற்ப முடிவெடுக்கவும் என்று பதில் வந்திருக்கும். மிஸ் ஒன்றும் யோசிக்கவில்லை. பெட்டியில் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மிஸ், பதவி போயிடும்."

"ஓம். தெரியும்."

"அப்ப?"

"கிணத்தைப் பாக்கத்தானே பதவி? பதவியைப் பாக்கக் கிணறே?" என்றார். கோபமில்லாமல், மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்.

அன்று பின்னேரமே உரும்பிராய்ச் சங்கத்தில் கூட்டம் கூட்டச் சொன்னேன். அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனோம். இறைப்பு முடிந்து, கால் கழுவி, தோளில் சால்வையோடு முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். நான் பஸ்ஸில் வரும்போதே ஒரு பேச்சு அடுக்கி வைத்திருந்தேன். நீதி, தருமம், அயலவர் என்று நல்ல சொற்களெல்லாம் அதில் இருந்தன. எழுந்து நின்று அவர்களுடைய முகங்களைப் பார்த்ததும் அது எல்லாம் மறந்துபோயிற்று. பலர் என் கையால் எழுதிய தாளை மடித்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

"பிழை என்னுடையது" என்று தொடங்கினேன். "மிஸ் முதலே சொன்னவ, நான் கேக்கேல்லை. உங்களிட்டைக் காசு வாங்கவேணும் எண்ட அவசரத்திலை, தரேலாத ஒண்டைத் தாறன் எண்டு எழுதிப்போட்டன். ஒரு உத்தியோகத்தருக்கு முறை வைக்கேலாது. எங்கை தண்ணி கெட்டுதோ அங்கைதான் அவ போகவேணும். நீங்கள் கேக்கிறது நியாயம். காசு வேணுமெண்டவைக்கு நாளைக்கே திருப்பித் தாறன். ஆனால் மிஸ் காலமை பருத்தித்துறைப் பக்கம் போறா."

சங்கத்துக்குள் ஒரே சத்தம். ஒருவர் எழுந்து, "அப்ப எங்களைப் பேக்காட்டி ஏமாத்தினீரோ?" என்று கேட்டார்.  ஓம் என்றேன். சத்தம் இன்னும் கூடியது.

அப்போது அந்தப் பெண் எழுந்தாள். இத்தனை ஆண்கள் முன்னால் பேசிப் பழக்கம் இல்லாதவள். 

"நாங்கள் உங்கடை பங்கைக் கேக்க வரேல்லை. பங்கெடுக்க எங்களிட்டைக் காசுமில்லை. உதைக் குடிச்சுப் பாத்திட்டு நீங்கள் என்ன சொன்னாலும் சரி." போத்தலை நீட்டினாள்.

யாரும் கை நீட்டவில்லை. கொஞ்ச நேரம் அவள் அப்படியே நின்றாள். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் மறக்கமாட்டேன். பிறகு முன்வரிசையில் இருந்து தம்பித்துரை அண்ணை எழுந்து வந்து போத்தலை வாங்கினார். அண்ணாந்து இரண்டு மிடறு குடித்தார். முகம் கோணியது. நான் துப்புவார் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணின் முன்னால் துப்பாமல் விழுங்கினார்.

"உதையே பிள்ளையளுக்குக் குடுக்கிறியள்?"

"ஓம் ஐயா. சீனி போட்டுக் குடுக்கிறம்."

அவர் போத்தலை மூடித் திருப்பிக் கொடுத்தார். சால்வையால் வாயைத் துடைத்துவிட்டுச் சனத்தின் பக்கம் திரும்பினார்.

"ஒருத்தன்ரை பயிர் வாடினால் எங்கடை முறையை மாத்திக் குடுக்கிறம். செத்தவீடு எண்டால் கேளாமலே விட்டுக்குடுக்கிறம். பங்கு எண்டால் முறை இருக்கு, முறை எண்டால் விட்டுக்குடுப்பும் இருக்கு. கிளாக்கர் சொல்லுறமாதிரி முறையில்லையெண்டு நான் ஒத்துக்கொள்ளேல்லை. காசு குடுத்து வாங்கின முறை அது. என்ரை முறையை நான் இந்தப் பிள்ளைக்குக் குடுக்கிறன்."

 பின்னுக்கு இருந்து ஒருவர், "என்ரையும் போகட்டும்" என்றார். அரை நாள் பங்குக்கார அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுச் சேர்ந்து தலையாட்டினார்கள். அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும். ஒவ்வொருவராகக் கொடுத்ததில் பத்தொன்பது நாள் சேர்ந்தது. தேவைக்கு மேல் ஒரு நாள். எல்லோரும் கொடுக்கவில்லை. மூன்று பேர் மறுநாள் வந்து காசைத் திருப்பி வாங்கினார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. என் தாளை நம்பியவர்கள் அவர்கள்.

நான் அன்று கற்றதை நீங்கள் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். காசு கேட்கும்போது நாம் சொல்கிற ஒவ்வொரு சொல்லையும் தருகிறவர் நம்புவார். ஆகவே தரமுடியாததை எழுதாதீர்கள். எழுதிவிட்டால், கண்டுபிடிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிராமல் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு அவர்கள் என்ன செய்வார்கள் என்பதை உங்களால் கணிக்க முடியாது. நான் கணித்தது பிழை. அவர்களைப் பற்றி நான் அதுவரை நினைத்திருந்ததெல்லாம் பிழை. அந்தச் சங்கக் கட்டடத்தில் நின்ற மனிதர்களுக்கு நன்றி சொல்லாமல் நான் ஒரு நாளும் என் பணிக்காலத்தை நினைப்பதில்லை.

மிஸ் அந்தக் கடற்கரை ஊரில் மூன்று கிழமை தங்கி, காலை மாலை அளந்தார். கிணற்றுக்குப் பின்னால் இருந்த தோட்டங்களில் மூன்று மெசின் ஒரே நேரத்தில் ஓடும்போது உப்பு ஏறுவதைத் தோட்டக்காரரையே கூட்டிவந்து காட்டினார். சண்டையும் சமாதானமுமாக இரண்டு மெசினைப் பின்னுக்கு நகர்த்தினார்கள். அந்த வருடம் அந்தத் தண்ணீர் முழுதாகத் திருந்தவில்லை. மாரி மழைக்குப் பிறகு ஒரு நாள் அந்தப் பெண் ஒரு பனையோலைப் பெட்டி நிறையக் கருவாட்டோடு வந்து, பால் இப்போது திரைவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். மிஸ் அன்று உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது. 

ஆனால் பதவியின் கதை அதோடு முடியவில்லை. கடற்கரையில் கண்டதை வைத்துக்கொண்டு மிஸ் உரும்பிராய்க் கிணறுகளைத் திரும்ப அளந்தார். அடுத்த வருடப் பங்கு சேர்க்கவேண்டிய மாதத்தில்தான் கணக்கு முடிந்தது. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துச் சொல்லலாமே என்று நான் கெஞ்சினேன். கேட்கவில்லை. அதே சங்கக் கட்டடத்தில் எழுந்து நின்று, இப்படி இறைத்தால் உங்கள் கிணறுகளுக்கும் அதே கதிதான், மெசின் ஓடும் நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள் என்று சொன்னார். அதிகம் இறைக்கிறவர் யார் என்று கேட்டார்கள். ஒளிக்காமல் தம்பித்துரை அண்ணையின் பெயரைச் சொன்னார். அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை நான் போய் அலுவலகக் கதவைத் திறக்கும்போது அவர் வாசலில் நின்றார். மடியில் இருந்து காசை எடுத்து மேசையில் வைத்தார். அடுத்த வருடப் பங்கு. மற்றவர்களுக்கும் சொல்லியிருப்பதாகவும், கிழமைக்குள் கொண்டுவந்து தருவார்கள் என்றும் சொன்னார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அண்ணை, உங்களுக்கு எதிராய்ச் சொல்லுறவவுக்கு நீங்களே சம்பளம் குடுக்கிறியளோ?" என்று கேட்டேன்.

"எனக்குப் பிடிச்சதைச் சொல்ல வீட்டிலை ஆக்கள் இருக்கினம்" என்றார் தம்பித்துரை அண்ணை. "அவைக்குச் சம்பளம் குடுக்கத் தேவையில்லை."